காலிச் சட்டி

டீ கொஞ்சம் சூடாக இருக்கிறது. ஆறுவதற்குள் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். இப்போது நாம் இழுத்த மூச்சில் ஆக்சிஜன் இருந்தது. உள்ளே போன அந்த ஆக்சிஜன் கடைசியில் என்னவாகிறது?

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கரியமில வாயுவாக மாறி வெளியே வந்துவிடுகிறது என்பார்கள். அறிவியல் நன்றாகப் படித்தவர்களில்கூடப் பலர் இதையேதான் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது தவறு. எங்கே தவறு என்று தேடிப் போனால், சாப்பிட்ட சாப்பாடு எப்படிச் சக்தியாகிறது என்கிற கதையே அவிழ்ந்துவிடும். ஆகவே அவசரமில்லாமல் போவோம்.

டீயில் கலந்த சர்க்கரையிலிருந்து தொடங்கலாம். ஒரு ஸ்பூன், 5 கிராம் இருக்கும். அதைக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினால் உருகும், பழுப்பாகும், கருகும், விடாமல் காட்டினால் எரிந்தே போகும். முழுசாக எரிந்தால் சுமார் 20 கிலோ கலோரி வெப்பம். நாம் குடித்தாலும் அதிலிருந்து கிடைப்பது அதே 20 கிலோ கலோரிதான். 1780-களில் பாரிஸில் விஞ்ஞானிகள் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைச் சுற்றிலும் பனிக்கட்டி அடைத்த பெட்டிக்குள் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். மூச்சு விடுவதும் ஒருவகை மெதுவான எரிதல்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். சரியான முடிவு. ஆனால் அந்த ‘மெதுவான’ என்ற சொல்லுக்குள் என்ன நடக்கிறது என்று புரிய இன்னும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

எரிவது என்றால் என்ன? சர்க்கரைக்குள் கார்பனும் ஹைட்ரஜனும் எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கின்றன. அந்தப் பிடி அவ்வளவு இறுக்கமானதில்லை. ஆக்சிஜனோ எலெக்ட்ரானைக் கண்டால் விடாது. இழுத்துத் தன்னோடு இறுக்கி வைத்துக்கொள்ளும். மேட்டில் நிற்கும் தண்ணீருக்குப் பள்ளம் எப்படியோ, சர்க்கரையில் இருக்கும் எலெக்ட்ரானுக்கு ஆக்சிஜன் அப்படி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது வெளிப்படுவதைத்தான் நாம் சக்தி என்கிறோம். அடுப்பில் அந்த எலெக்ட்ரான்கள் ஒரே பாய்ச்சலாக விழுகின்றன. அதனால்தான் தீ. மாடித் தொட்டி உடைந்து தண்ணீர் மொத்தமும் வாசலில் கொட்டுகிற மாதிரி, சத்தம் பெரிது, பயன் ஒன்றுமில்லை.

நம் செல்லுக்குள் அப்படிக் கொட்டவிடுவதில்லை. எலெக்ட்ரானைச் சர்க்கரையிலிருந்து பத்திரமாக இறக்கி, கை மாற்றிக் கை மாற்றி, படிப்படியாகக் கொண்டுபோகிறார்கள். ‘இறக்கி எடுத்துப் போகிறவர்கள்’ யார் என்பதுதான் இன்றைய விஷயம். எலெக்ட்ரான் கடத்திகள் என்று பாடநூல் சொல்லும்.

வீட்டுக்குத் தளம் போடும் நாளைப் பார்த்திருப்பீர்கள். கீழே கலவை மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும். சித்தாள்கள் சாரத்தில் வரிசையாக நின்று இரும்புச் சட்டியில் கான்கிரீட்டை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு மாற்றுவார்கள். மேலே இருப்பவர் கொட்டிவிட்டுக் காலிச் சட்டியைக் கீழே வீசுவார். அந்தக் காலிச் சட்டி வந்து விழுகிற ‘டணார்’ சத்தம் காதில் கேட்கிறதா? அதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை ஓடுவது அந்தச் சத்தத்தில்தான். மிஷினில் கலவை எவ்வளவு இருந்தாலும், காலிச் சட்டி திரும்பி வராவிட்டால் வரிசை நின்றுவிடும்.

செல்லில் இந்தச் சட்டியின் பெயர் என்.ஏ.டி. சின்ன மூலக்கூறு. ஒரு நடையில் இரண்டு எலெக்ட்ரான்களைத் தூக்கும், கூடவே ஒரு ஹைட்ரஜன் கருவையும். பாரம் ஏறிய சட்டிக்கு என்.ஏ.டி.எச். என்று பெயர். பாரத்தை இறக்கிவிட்டால் மறுபடி என்.ஏ.டி. அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொரு சட்டியும் உண்டு, எஃப்.ஏ.டி. அது ஊர் சுற்றாது. தன் புரதத்தோடு ஒட்டியே உட்கார்ந்திருக்கும், வந்த பாரத்தை அங்கிருந்தே தள்ளிவிடும். தளம் போட வந்தவர்களிடம் ஆயிரம் சட்டி இருக்காது. பத்திருபதுதான், அவையே நாள் முழுக்கச் சுற்றும். செல்லிலும் அதே சிக்கனம்தான்.

இனி சர்க்கரையிலிருந்து வரும் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறைப் பின்தொடர்வோம். முதலில் அது இரண்டாக வெட்டப்படுகிறது. பிறகு அந்தத் துண்டுகள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்னஞ்சிறு அறைக்குள் போகின்றன. அங்கே ஒரு சுழற்சியில் மாட்டி, கார்பன் ஒவ்வொன்றாக உதிர்கிறது. கிரெப்ஸ் சுழற்சி என்று மனப்பாடம் செய்தது நினைவிருக்கலாம். அதிலுள்ள அமிலங்களின் பெயர்கள் இன்றைக்கு நமக்கு வேண்டாம். வேண்டியது ஒரு கணக்கு மட்டும். ஒரு குளுக்கோஸ் முழுசாகக் கழற்றப்படும்போது 10 என்.ஏ.டி. சட்டிகளும் 2 எஃப்.ஏ.டி. சட்டிகளும் நிரம்புகின்றன. மொத்தம் 12 சட்டி, ஒவ்வொன்றிலும் 2 எலெக்ட்ரான், ஆக 24.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குளுக்கோஸிலிருந்த 6 கார்பனும் 6 கரியமில வாயு மூலக்கூறுகளாகிப் போய்விட்டன. நாம் வெளியே விடும் கரியமில வாயு இதுதான். ஆனால் இதுவரை நடந்த எந்த வேலையிலும் நாம் இழுத்த ஆக்சிஜன் தலையைக்கூடக் காட்டவில்லை!

அப்படியானால் கரியமில வாயுவுக்குள் இருக்கும் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? 6 கரியமில வாயுவில் 12 ஆக்சிஜன் அணுக்கள். அதில் 6 குளுக்கோஸிலேயே இருந்தவை. மீதி 6 வழியில் சேர்த்துக்கொண்ட தண்ணீரிலிருந்து வந்தவை. மூச்சில் வந்த ஆக்சிஜனுக்கு அதில் நேரடிப் பங்கே இல்லை.

நமக்கு ஏன் வேறு மாதிரி தோன்றுகிறது என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. கரி எரிவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். அங்கே கார்பனும் ஆக்சிஜனும் நேரடியாகச் சேர்ந்துதான் கரியமில வாயு வருகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்ட சமன்பாடும் அதற்குத் துணை போகிறது. இடது பக்கம் 6 ஆக்சிஜன், வலது பக்கம் 6 கரியமில வாயு. ஆறும் ஆறும் பொருந்திப் போவதால் ஒன்றுதான் மற்றொன்றாக மாறியது என்று மனம் தானாக முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதே வரியின் கடைசியில் 6 தண்ணீர் என்று இருப்பதை நாம் பார்ப்பதில்லை. நம் மூச்சின் ஆக்சிஜன் போய்ச் சேர்வது அந்தத் தண்ணீரில்தான். எப்படி என்பதை இனிப் பார்ப்போம்.

நிரம்பிய சட்டிகள் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வருகின்றன. சவ்வு என்றால் மெல்லிய கொழுப்புத் திரை. அதற்குள் பெரிய பெரிய புரதக் கூட்டங்கள் பதிந்திருக்கின்றன. முதல் கூட்டத்திடம் என்.ஏ.டி.எச். தன் 2 எலெக்ட்ரான்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. அங்கிருந்து யுபிகுயினோன் என்ற, கொழுப்பில் நீந்தும் ஒரு தூதுவன் எடுத்துப் போகிறான். பிறகு அடுத்த கூட்டம், அதன்பின் சைட்டோகுரோம் சி என்ற சிறு புரதம், பிறகு கடைசிக் கூட்டம். ஒவ்வொரு கை மாறும்போதும் எலெக்ட்ரான் ஒரு படி கீழே இறங்குகிறது. தளம் போடுகிற இடத்தில் பாரம் மேலே ஏறும். இங்கே பாரம் சரிவில் இறங்கும். நம் உவமை இந்த ஓரிடத்தில் தலைகீழ், மற்றதெல்லாம் பொருந்தும். இந்தக் கைகளில் பலவற்றில் இரும்பு இருக்கிறது, கடைசிக் கூட்டத்தில் செம்பும் உண்டு. எலெக்ட்ரானை வாங்கவும் கொடுக்கவும் உலோகம் தோது.

இந்தக் கை மாற்றத்தைக் கண்ணாலேயே பார்த்தவர் ஒருவர் உண்டு. கேம்பிரிட்ஜில் டேவிட் கெய்லின் பூச்சிகளையும் ஒட்டுண்ணிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சிறு நிறமாலைக் கருவியில் பூச்சிகளின் தசையையும் ஈஸ்ட் கரைசலையும் பார்த்தபோது, வெளிச்சத்தின் வானவில் பட்டையில் நான்கு கறுப்புக் கோடுகள் தெரிந்தன. ஈஸ்ட் கரைசலைக் காற்றோடு சேர்த்துக் குலுக்கினார். கோடுகள் மறைந்தன. சற்று நேரம் சும்மா வைத்தார். கோடுகள் திரும்பி வந்தன. 1925-இல் இதை வெளியிட்டு, அந்த நிறமிக்குச் சைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார். செல்லின் நிறம் என்று பொருள். கோடு தெரிந்தால் கைகளில் எலெக்ட்ரான் நிரம்பியிருக்கிறது. காற்றிலிருந்து ஆக்சிஜன் வந்ததும் கை காலியாகிறது, கோடு போய்விடுகிறது. இருந்த ஆக்சிஜனை ஈஸ்ட் தீர்த்ததும் மறுபடி கை நிரம்புகிறது. ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைக் குலுக்கியே இதைக் கண்டுகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சரி, எலெக்ட்ரான் படியிறங்குகிறது. அதனால் நமக்கு என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு இறக்கத்திலும் வெளிப்படும் சக்தியைக் கொண்டு அந்தப் புரதக் கூட்டங்கள் ஒரு பம்பு வேலை செய்கின்றன. சவ்வின் உள்பக்கத்திலிருந்து புரோட்டான்களை, அதாவது எலெக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் கருக்களை, வெளிப்பக்கத்துக்கு இறைக்கின்றன. ஒரு என்.ஏ.டி.எச். கொண்டுவந்த பாரம் இறங்கி முடிக்கையில் சுமார் 10 புரோட்டான்கள் இறைக்கப்பட்டிருக்கும். எஃப்.ஏ.டி. சட்டியின் பாரம் முதல் பம்பைத் தாண்டி நடுவில் வந்து சேர்வதால் அதற்கு 6 மட்டும்.

இறைத்ததெல்லாம் சவ்வுக்கு வெளியே அணைத் தண்ணீர் போலத் தேங்கி நிற்கிறது. திரும்பி உள்ளே வரத் துடிக்கிறது. வழி ஒன்றுதான் பிரதானம். ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற மதகு. அந்த மதகுக்குள் நிஜமாகவே ஒரு சக்கரம் இருக்கிறது. புரோட்டான் நுழைய நுழைய அது சுற்றும். மேட்டூரில் டர்பைன் சுற்றுகிற அதே தத்துவம். இந்தச் சக்கரம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 3 ஏ.டி.பி. மூலக்கூறுகள் தயாராகி வெளியே வருகின்றன. 1997-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்தச் சக்கரத்தின் அச்சில் ஒளிரும் நுண் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது காற்றாடி போலச் சுற்றுவதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே விட்டார்கள்.

ஏ.டி.பி. என்பது செல்லின் சில்லறை. டவுன் பஸ் கண்டக்டரிடம் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார். சில்லறையாகக் கொடுத்தால் எல்லா இடத்திலும் செல்லும். குளுக்கோஸ் அந்தப் பெரிய நோட்டு. ஒரு நோட்டை மாற்றினால் 30-லிருந்து 32 ஏ.டி.பி. வரை கிடைக்கும் என்பது இன்றைய கணக்கு. பழைய புத்தகங்களில் 36, 38 என்று இருக்கும். அதில் சர்க்கரையைக் கழற்றும்போதே நேராகக் கிடைப்பது 4 மட்டும். மீதி அத்தனையும் நம் சட்டிகள் தூக்கிவந்த எலெக்ட்ரான்களின் உழைப்பு.

எலெக்ட்ரான் பாரத்துக்கும் ஏ.டி.பி.க்கும் நடுவே இருப்பது ஒரு தேக்கம் என்ற எண்ணம் 1961-இல் பீட்டர் மிட்செல் சொன்னது. நடுவில் ஏதோ ஒரு வேதிப்பொருள் இருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அவர் சொன்னதைப் பல வருடம் யாரும் ஏற்கவில்லை. பிறகு கார்ன்வால் கிராமப்புறத்தில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து, அதையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டு தொடர்ந்து வேலை செய்தார். 1978-இல் வேதியியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வந்தது.

இப்போது கடைசிக் கூட்டத்துக்கு வருவோம். எல்லாப் படியும் இறங்கிய எலெக்ட்ரான் அங்கே வந்து நிற்கிறது. அதை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டும். அந்த வேலைக்குத்தான் ஆக்சிஜன். நுரையீரலில் ஏறி, ரத்தத்தில் பயணம் செய்து, இத்தனை தூரம் வந்தது இந்தக் கடைசிக் கையாக நிற்பதற்காக மட்டுமே. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு 4 எலெக்ட்ரான்களை வாங்கி, பக்கத்திலிருக்கும் 4 புரோட்டான்களையும் சேர்த்துக்கொண்டு 2 தண்ணீர் மூலக்கூறுகளாகிறது. கணக்கைச் சரிபார்ப்போமா? ஒரு குளுக்கோஸிலிருந்து 24 எலெக்ட்ரான். ஆக்சிஜன் ஒன்றுக்கு 4 வீதம் 6 ஆக்சிஜன். கரும்பலகைச் சமன்பாட்டில் இருந்த அதே 6.

இப்படி உருவாகும் தண்ணீரில், சர்க்கரையைக் கழற்றும்போது செலவானதைக் கழித்தாலும், நாளொன்றுக்குச் சுமார் 300 மில்லி நம் உடலுக்கு மிஞ்சுகிறது. டீக்கடைக் கிளாஸில் மூன்று இருக்கும். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்குக் கால் லிட்டர் போல ஆக்சிஜன் செலவாகிறது. அதற்கு எத்தனை எலெக்ட்ரான் ஓட வேண்டும் என்று மின்சாரக் கணக்காகப் போட்டால், உடல் முழுக்க 60, 70 ஆம்பியர் வருகிறது. இஸ்திரிப் பெட்டிக்கு 4, 5 ஆம்பியர் போதும். ஆனால் அதற்கு 230 வோல்ட். நமக்கு உச்சிப் படியிலிருந்து கடைசிப் படிவரை மொத்தமே 1.1 வோல்ட்தான். அதனால்தான் சுடாமல், சத்தமில்லாமல் நடக்கிறது.

கடைசிக் கை இல்லாமல் போனால்? மேலே கொட்டுகிறவர் போய்விட்டால் வரிசை முழுக்க நிறைசட்டியோடு நிற்கும். காலிச் சட்டி கீழே வராது. சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் கழற்றி வைக்க இடமிருக்காது. சயனைடு செய்வது இதைத்தான். கடைசிக் கூட்டத்தில் ஆக்சிஜன் உட்காரும் இரும்பில் அது போய் உட்கார்ந்துவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கும். உறுப்புகளிலிருந்து திரும்பி வரும் ரத்தம்கூடப் பயன்படுத்தப்படாமல் சிவப்பாகவே வரும். காற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் செல் மூச்சுத் திணறுகிறது. மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடச் சொல்வது அதில் சயனைடு தரும் பொருள் இருப்பதால்தான்.

பஸ்ஸைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடும்போது தொடைத் தசைக்கு வேண்டிய வேகத்தில் சட்டிகள் காலியாவதில்லை. அப்போது தசை ஒரு குறுக்கு வழி பிடிக்கிறது. பாதி வெட்டிய குளுக்கோஸ் துண்டின் மேலேயே எலெக்ட்ரான்களைக் கொட்டிவிட்டு, காலிச் சட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. கொட்டப்பட்ட அந்தத் துண்டுக்கு லாக்டிக் அமிலம் என்று பெயர். சில்லறை குறைவாகத்தான் கிடைக்கும், ஒரு குளுக்கோஸுக்கு 2. ஆனாலும் வேலை நிற்காது. ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவிலும் இதுதான் நடக்கிறது. உளுந்தோடு வந்த பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை நம்பி வாழ்பவை அல்ல. அவற்றுக்கும் காலிச் சட்டி வேண்டும். காலையில் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்தப் புளிப்பு, அவை எலெக்ட்ரானைக் கொட்டிய இடம். மாவு பொங்கியிருப்பது அவை விட்ட கரியமில வாயுவால், அதுவும் ஆக்சிஜன் எதையும் வாங்காமலே!

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. இந்தச் சட்டிகளை எதைக் கொண்டு செய்கிறார்கள்? என்.ஏ.டி.யின் முக்கியப் பகுதி நியாசின், அதாவது வைட்டமின் பி3. எஃப்.ஏ.டி.யின் முக்கியப் பகுதி ரிபோஃபிளேவின், வைட்டமின் பி2. வைட்டமினில் சக்தி இருக்கிறது என்று நினைத்து மாத்திரை விழுங்குகிறோம். அதில் கலோரி என்று சொல்ல ஒன்றுமில்லை. சட்டி செய்யும் தகடு அது. நியாசின் பற்றாக்குறையால் வரும் பெல்லக்ரா என்ற நோயில் வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிறு கெடும், புத்தி தடுமாறும். தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளிடம் இந்த நோயை ஆராய்ந்தவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சோளத்தில் மிகுந்திருக்கும் லூசின் என்ற அமினோ அமிலம் இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தை 1960-இல் அவரும் சக ஆய்வாளர் ஸ்ரீகாந்தியாவும் முன்வைத்தார்கள். வேர்க்கடலையும் மீனும் நியாசின் தரும். பாலும் முட்டையும் கீரையும் ரிபோஃபிளேவின் தரும்.

போன மாதம் எனக்கு வாய் ஓரம் வெடித்து, சாம்பார் பட்டாலே எரிந்தது. டாக்டர் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை சிறுநீர் பளீரென்ற எலுமிச்சை மஞ்சளில் போனது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், பயந்தும் இருப்பீர்கள். அது ரிபோஃபிளேவினின் நிறம். ஃபிளேவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள். உடல் தனக்கு வேண்டிய சட்டிகளுக்கு எடுத்துக்கொண்டது போக, மிஞ்சிய தகடு அப்படி வெளியே போகிறது.